முதலாளியின் பங்கு யாருடைய பணம்? – பெங்களூரு, ஏப்ரல் 2016

2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பெங்களூருவின் பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் தையல் இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஓசூர் சாலையில் வந்து அமர்ந்தனர். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். தமிழகத்தையும் மின்னணு நகரத்தையும் பெங்களூருவோடு இணைக்கும் அச்சாலை மணிக்கணக்கில் அசையவில்லை. மறுநாள் தும்கூர் சாலைக்கும் மைசூர் சாலைக்கும் போராட்டம் பரவியது. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன, பேருந்துகள் எரிந்தன, ஹெப்பகோடி காவல் நிலையம் தாக்குதலுக்கு உள்ளானது. அன்று மாலைக்குள் ஒன்றிய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, சர்ச்சைக்குரிய விதியை முதலில் ஜூலை 31 வரை ஒத்திவைப்பதாகவும், பின்னர் முற்றாகக் கைவிடுவதாகவும் அறிவித்தார். எந்தத் தொழிற்சங்கமும் அழைப்பு விடுக்காத ஒரு போராட்டம், இரண்டே நாளில், ஓர் ஒன்றிய அரசாணையைத் திரும்பப் பெறச் செய்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்வுகள் மிகக் குறைவு.

அந்த அரசாணை வருங்கால வைப்பு நிதியைப் பற்றியது. 2016 பிப்ரவரி 10 அன்று வெளியான திருத்தத்தின்படி, வேலையை விட்டு விலகும் தொழிலாளி தன் பங்கையும் அதற்கான வட்டியையும் மட்டுமே உடனே எடுக்கலாம். முதலாளி செலுத்திய பங்கு 58 வயதுவரை கணக்கிலேயே இருக்கும். தொகையாகப் பார்த்தால் இது பெரிதாகத் தோன்றாது. தொழிலாளியின் ஊதியத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 விழுக்காடு செலுத்துகிறார். ஆனால் 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்திற்குப் பின் முதலாளியின் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியக் கணக்குக்குச் சென்றுவிடுகிறது. வைப்பு நிதியில் சேர்வது 3.67 விழுக்காடுதான். மாத ஊதியம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தொழிலாளியிடம் பிடித்தம் 840 ரூபாய். முதலாளி செலுத்தும் 840 ரூபாயில் 583 ரூபாய் 10 காசு ஓய்வூதியத்திற்கு, 256 ரூபாய் 90 காசு வைப்பு நிதிக்கு. மூன்றாண்டு வேலை பார்த்து விலகும் ஒருவருக்கு அரசாணை பூட்டி வைத்தது, வட்டி நீங்கலாக, ஏறத்தாழ 9,250 ரூபாய். இந்தத் தொகைக்காகவா ஒரு பெருநகரம் இரண்டு நாள் நின்றது?

அன்றைய ஆங்கில ஊடகங்களில் பலவும் இக்கேள்வியைக் கேட்டு, ‘வதந்தி’ என்று விடை சொல்லி நகர்ந்தன. முழுப் பணமும் 58 வயதுவரை முடக்கப்படுவதாகத் தொழிலாளர்கள் தவறாகப் புரிந்துகொண்டனர் என்பது அந்த விளக்கம். அப்படிப் புரிந்துகொண்டவர்கள் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் வதந்தி ஒரு கூட்டத்தைத் திரட்டும். அது ஏன் இந்த ஒரு பணத்தின் பெயரால் திரண்டது என்பதை விளக்காது. ஆடைத் தொழிலில் ஊதியக் குறைவும் உற்பத்தி இலக்கின் நெருக்கடியும் மேற்பார்வையாளரின் வசவும் அன்றாடம். அவற்றுக்காக நிற்காத இயந்திரங்கள் வைப்பு நிதிக்காக நின்றன. அதன் காரணத்தை அறிய அந்த நிதியின் வரலாற்றுக்குள் செல்ல வேண்டும்.

1951 நவம்பரில் அவசரச் சட்டமாகப் பிறந்து 1952இல் நாடாளுமன்றச் சட்டமான வருங்கால வைப்பு நிதி, தொடக்கத்தில் ஆறு தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது: சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், நெசவாலை. ஐம்பது பேருக்குக் குறையாத ஆலைகளே அதன் எல்லை. பங்களிப்பு 6.25 விழுக்காடு, அன்றைய நாணயக் கணக்கில் ரூபாய்க்கு ஓரணா. இந்தப் பட்டியலைப் படித்தாலே சட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது விளங்கும். ஓர் ஆலையில் இளமையில் சேர்ந்து, அங்கேயே மூப்படைந்து, வெளியேறும் நாளில் கையில் ஒரு தொகையோடு ஊர் திரும்பும் ஆண் தொழிலாளி அவன். அந்தத் தொழிலாளி கற்பனையல்லன். சென்னையின் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலையில் அவன் இருந்தான். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அவனைக் கொண்டே உருவானது. அந்த ஆலையை நடத்திய பின்னி நிறுவனத்தின் கையிலேயே 1880களிலிருந்து பெங்களூரு கம்பளி, பருத்தி, பட்டு ஆலையும் இருந்தது. அங்கு வேலை செய்தவர்களில் தமிழ் பேசுவோரும் கணிசம். அதே நகரின் மினர்வா ஆலை, 1980ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக, நெசவைப் பற்றி ஒன்றும் அறியாத சட்ட மாணவர்களுக்கும் அறிமுகமான பெயர். பின்னிப்பேட்டையின் ஆலை நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

முதலாளியின் பங்கு யாருடையது என்ற கேள்வி அந்த முதல் திட்டத்திலேயே தீர்க்கப்படாமல் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் அதிகம் கவனித்ததில்லை. குறைந்த காலமே பணியாற்றி விலகும் தொழிலாளிக்கு, பழைய விதிகளின்படி, முதலாளியின் பங்கு முழுமையாகக் கிடைக்காது. பணிக்காலத்துக்கேற்ப ஒரு பகுதி வழங்கப்படும்; எஞ்சியது பறிமுதல் கணக்கில் சேரும். நீண்ட நாள் நிலைத்திருப்பதற்கான வெகுமதி என்றே அப்பங்கு கருதப்பட்டது என்பதற்கு இது சான்று. பின்னாளில் இப்பறிமுதல் கைவிடப்பட்டபோது, முதலாளியின் பங்கும் தொழிலாளியின் ஒத்திவைக்கப்பட்ட ஊதியமே என்ற கருத்து சத்தமின்றி நிலைபெற்றது. சட்டத்தின் 12ஆம் பிரிவும் இதற்குத் துணை நிற்கிறது: வைப்பு நிதிக்குப் பங்கு செலுத்த வேண்டியிருக்கிறது என்பதைக் காரணமாகக் காட்டி எந்த முதலாளியும் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது. 2016இன் அரசாணை, அறிந்தோ அறியாமலோ, இந்தக் கருத்தைப் பின்னோக்கி இழுத்தது.

இனி, சட்டம் மனத்தில் கொண்ட தொழிலாளிக்கும் பொம்மனஹள்ளியின் தொழிலாளிக்கும் உள்ள தொலைவைப் பார்க்கலாம். பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழில் 1970களின் இறுதியிலும் 1980களிலும் வேர்விட்டது. செல்வ நாடுகள் எந்த நாட்டிலிருந்து எத்தனை ஆடைகளை இறக்குமதி செய்யலாம் என்று அளவு வகுத்திருந்த பன்னாட்டு இழை உடன்பாட்டின் காலம் அது. 2005 ஜனவரி 1 அன்று அந்த ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபின், பெரிய ஆலைகளும் பெரிய கொள்முதல் ஒப்பந்தங்களும் வந்தன. பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலை எனத் தொடங்கி, பின்னர் குறைந்தபட்சக் கூலி குறைவாக உள்ள மண்டலங்களை நாடி, ராமநகரம், மண்டியா, ஹாசன் என மாவட்டங்களுக்கும் ஆலைகள் நகர்ந்தன. வேலையாட்களில் பெரும்பகுதி கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். திருமணம், பிரசவம், குழந்தை வளர்ப்பு, மாமியாரின் நோய், இன்னொரு ஆலையில் சற்றே கூடுதலான கூலி என ஏதேனும் ஒரு காரணத்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலை மாறுவது இங்கே இயல்பு. முப்பதாண்டு ஒரே ஆலை என்பது இவர்களில் மிகச் சிலரின் அனுபவம்.

இவர்கள் தொழிலாளர்கள்தாமா என்ற ஐயம் சட்டத்திற்கு இல்லை. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தையற்காரரும் ‘பணியாளரே’ என்பதை, ஐதராபாத் பகுதியின் ஒரு தையலகம் தொடர்பான சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் 1973லேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. தையல் இயந்திரம் கடைக்காரருடையது. தைத்தது சரியில்லை என்று தள்ளும் உரிமையும் அவருடையது. ஆகவே பொறுப்பும் அவருடையதே என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆக, பொறுப்புகள் ஏட்டில் உள்ளன. சிக்கல் அவை எந்தக் கட்டத்தில் உயிர்பெறுகின்றன என்பதில்.

ஆடை ஆலையை விட்டு ஒரு பெண் விலகும்போது முதலாளியின்மீது என்னென்ன கடமைகள் விழுகின்றன? 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டு தொடர்பணி செய்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் வழங்கச் சொன்னது. 7,000 ரூபாய் ஊதியத்தில் ஐந்தாண்டுக்கு இது ஏறத்தாழ 20,190 ரூபாய். நான்காண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலும் ஐந்தாண்டாகவே கொள்ள வேண்டும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது; அதைக் கேட்டுப் பெறும் நிலையில் உள்ள தையற்காரப் பெண்கள் எத்தனை பேர் என்பது வேறு செய்தி. தொழிற்தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவு, ஓராண்டு தொடர்பணி செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால் முன்னறிவிப்பும் இழப்பீடும் தரக் கட்டளையிட்டது. நூறு பேருக்குக் குறையாத ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது கர்நாடக ஆடைத் தொழில் வளர்ந்த காலம் முழுவதும் சட்டமாக இருந்தது.

இக்கடமைகள் அனைத்திற்கும் ஒரு பொதுப் பண்பு உண்டு. தொழிலாளி ஒரு குறிப்பிட்ட காலத்தைக் கடந்திருக்க வேண்டும், அல்லது முதலாளியே அவரை வெளியேற்றியிருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு முன்பே ‘தானாக’ ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஐந்தாண்டு நெருங்கும் தொழிலாளர்களிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கி, சில வாரம் கழித்துப் புதிய எண்ணில் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பற்றிச் சங்கங்கள் நெடுங்காலமாகப் புகார் கூறிவந்துள்ளன. ஆனால் இத்தகைய சூழ்ச்சி இல்லாத ஆலையிலும் விளைவு ஒன்றே. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 48ஆம் பிரிவில் சொன்னது. அந்தக் காப்பகம் பெயருக்கு மட்டும் இருந்தால், அல்லது கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி அங்கே வர முடியாவிட்டால், தாய் வேலையை விடுகிறார். விட்டது அவரே, ஆகவே இழப்பீடு இல்லை. ஐந்தாண்டு ஆகவில்லை, ஆகவே பணிக்கொடை இல்லை. ஒரு கடமையின் தவறுதல் இன்னொரு கடமையிலிருந்து முதலாளிக்கு விடுதலை அளிக்கும் விந்தை இது.

இத்தனையிலும் தப்பி நிற்பது வைப்பு நிதி ஒன்றே. அதற்கு ஐந்தாண்டு வேண்டியதில்லை. விலகியது யார் விருப்பம் என்ற கேள்வியும் இல்லை. இரண்டு மாதம் வேலையின்றி இருந்தால் முழுத்தொகையும் கைக்கு வந்தது. முதுமைக்காக வகுக்கப்பட்ட நிதி, ஆடைத் தொழிலாளியின் கையில் வேலையிழப்பு உதவியாகவும் பணிக்கொடையாகவும் பேறுகாலச் செலவாகவும் மாறியது இப்படித்தான். பள்ளிக் கட்டணம், வட்டிக் கடன், தங்கையின் திருமணம், பெங்களூருவில் ‘லீசு’க்கு வீடு பிடிக்கத் தேவையான மொத்தப் பணம் என அதன் பயன்கள் பல. போராட்டம் நடந்த ஏப்ரல், பள்ளிச் சேர்க்கைக்கு முந்தைய மாதம் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியாத வீட்டில், சட்டம் வலிந்து பிடித்து வைக்கும் பணமே ஒரே சேமிப்பு.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் வேறொன்று நினைவுக்கு வரக்கூடும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு வேலைக்கு அமர்த்தி, முடிவில் திருமணத்திற்கென்று ஒரு தொகையைத் தருவதாக ஆசை காட்டிய முறை அது. அங்கே ஒத்திவைக்கப்பட்ட கூலி முதலாளியின் பிடியில் இருந்தது; இடையில் விலகிய பெண் அதை இழந்தாள். வைப்பு நிதி சட்டத்தின் காவலில் உள்ளது. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் இரண்டிலும் ஏழைப் பெண்ணின் உழைப்பிற்கு ஈர்ப்பாக இருப்பது மாதக் கூலியைவிட இறுதியில் சேர்ந்து வரும் தொகையே. அதனால்தான் அத்தொகையின்மீது கைவைத்த அரசாணை, கூலியின்மீதே கைவைத்ததாக உணரப்பட்டது.

சட்டத்தின் காவலில் உள்ளது என்பதற்காக அப்பணம் எளிதில் கைக்கு வந்தது என்றும் கொள்ள வேண்டாம். நெடுங்காலம் ஆலை மாறும்போதெல்லாம் புதிய கணக்கு எண். பழைய கணக்கை முடிக்கப் பழைய முதலாளியின் கையொப்பம். கையெழுத்திலும் அட்டையிலும் பெயரின் எழுத்து மாறியிருந்தால் மனு திரும்பி வரும். 2014 அக்டோபரில் அறிமுகமான பொதுக் கணக்கு எண் இந்த அலைச்சலைக் குறைத்தது. பிடித்த பணத்தைச் செலுத்தாத முதலாளியைத் தண்டிக்கச் சட்டத்தில் வலுவான வழிகள் இருந்தன: 7ஏ பிரிவின்கீழ் விசாரணை, 14பி பிரிவின்கீழ் தண்டத்தொகை, இவற்றுக்கும் மேலாக 1973இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட விளக்கத்தின்படி நம்பிக்கை மோசடிக் குற்றம். ஊதியத்தைப் படிகளாகப் பிரித்துக் காட்டி வைப்பு நிதிக் கணக்கைச் சுருக்கும் உத்தியையும் உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் தடுத்தது. ஏற்றுமதி ஆலைகளில் வெளிநாட்டு வணிக நிறுவனங்களின் தணிக்கையும் சேர்ந்துகொள்வதால், பெங்களூருவின் பெரிய ஆலைகளில் வைப்பு நிதி ஏறத்தாழ நம்பகமான உரிமையாக இருந்தது. நம்பகமான உரிமைகள் அருகிப்போன இடத்தில் எஞ்சியிருந்த ஒன்று அசைக்கப்பட்டபோதே தெரு நிறைந்தது.

அடிப்படையில் இது கூலியின் கதையும் ஆகும். 1957இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவைக்கேற்ற குறைந்தபட்சக் கூலிக்கான அளவுகோலை வகுத்தது: வயது வந்த ஒருவருக்கு 2,700 கலோரி உணவு, நால்வர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலியன. சென்னையின் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்கச் சொன்னது. ஆயத்த ஆடைத் தொழிலில் கர்நாடக அரசு நிர்ணயித்த கூலி இந்த அளவுகோலை எட்டியதில்லை என்பது சங்கங்களின் நீண்டகால வாதம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சட்டைகளுக்குக் கழுத்துப்பட்டி தைப்பவரின் வீட்டுக் கணக்கில் அந்த 72 கெஜத்தின் இடம் என்ன என்பதை எந்தக் குழுவும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. 2018இல் கூலியை உயர்த்த வெளியிடப்பட்ட வரைவு அறிவிக்கை சில வாரங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2020 ஜூலையில், பெருந்தொற்றைக் காரணம் காட்டி, அவ்வாண்டு ஏப்ரலிலிருந்து வரவேண்டிய, மாதம் ஏறத்தாழ 417 ரூபாய் அகவிலைப்படியை மாநில அரசு ஓராண்டு ஒத்திவைத்தது; உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தபின்னும் பல ஆலைகள் பணத்தைத் தரவில்லை. பன்னாட்டு வணிக நிறுவனங்களின்மீது அழுத்தம் கூடிய பிறகே, 2022இல், நிலுவை வரத் தொடங்கியது. அகவிலைப்படி வராத மாதங்களில் அதற்குரிய வைப்பு நிதிப் பங்கும் சேர்ந்தே நின்றுபோனது. கூலியில் விழும் ஒவ்வொரு வெட்டும் சேமிப்பில் இருமுறை விழுகிறது, தொழிலாளி பங்கில் ஒன்று, முதலாளி பங்கில் ஒன்று.

2016இன் இன்னொரு ஒப்பீடும் பதிவுக்குரியது. அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் வைப்பு நிதி எடுப்பில் 60 விழுக்காட்டுக்கு வரி விதிக்க அருண் ஜெட்லி முன்மொழிந்தார். மாத ஊதிய நடுத்தர வர்க்கம் தொலைக்காட்சியிலும் சமூக ஊடகத்திலும் எதிர்த்தது. மார்ச் 8 அன்று முன்மொழிவு கைவிடப்பட்டது. அதே நிதி தொடர்பான பிப்ரவரி அரசாணையைப் பற்றிச் சங்கங்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு அத்தகைய செவி கிடைக்கவில்லை. முதல் எதிர்ப்புக்குக் கட்டுரைகள் போதுமானவையாக இருந்தன. இரண்டாவதற்கு ஓசூர் சாலை தேவைப்பட்டது. போராட்டம் முடிந்தபின் வழக்குகளும் கைதுகளும் தொடர்ந்தன. தீவைப்பில் ஈடுபட்டவர்கள் வெளியாட்களா தொழிலாளர்களா என்ற சர்ச்சையில் செய்தித்தாள்கள் செலவிட்ட மை, அப்பெண்களுக்குப் பணிக்கொடை கிடைக்கிறதா என்ற கேள்விக்குச் செலவாகவில்லை.

2025இல் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. அக்டோபர் 13 அன்று வைப்பு நிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு, முதலாளி பங்கு உட்படப் பெரும்பகுதியை இடையில் எடுக்கும் விதிகளை எளிதாக்கியது. கூடவே பங்களிப்பில் 25 விழுக்காட்டைக் குறைந்தபட்ச இருப்பாக வைக்கவும், வேலையிழந்தவர் கணக்கை முழுமையாக முடிக்கக் காத்திருக்கும் காலத்தை இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தவும் முடிவெடுத்தது. நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்பது அவற்றில் ஆடைத் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும் புதிய கடமை. ஆலையை மூட முன் அனுமதி தேவைப்படும் எல்லை 100 பேரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்தாண்டு விதி அப்படியே தொடர்கிறது. ஆகவே பொம்மனஹள்ளியில் மூன்றாண்டு தைத்துவிட்டுப் பிரசவத்திற்காக ஊர் திரும்பும் நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை இன்றும் இல்லை. வைப்பு நிதியின் இறுதிக் கால் பங்குக்கு இனி அவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.